முப்பது மீன்கள் ஏறிவந்த புகையிரதம்

மீன்பிடிக்கச் சென்றவன் வெறுங்கையுடன் வீடு திரும்பினால் நம்மூரில் அவனுக்குக் கிடைக்கும் மரியாதை எத்தகையது என்பதை வாசகர்கள் அறிவார்கள். சட்டியைக் கழுவி வைத்துக் காத்திருக்கும் இல்லத்தரசி முதல், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அயலவர் வரை யாவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எங்கே மீன்?"

சென்ற செப்டெம்பர் மாதத்தில் ஒருநாள் மாலை நாமும் அவ்வாறே வெறுங்கையுடன் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றோம். அன்று நாமும் எமது அத்தானுமாகப் பதினொரு மீன்கள் பிடித்திருந்தோம். அவற்றுள் ஒன்று நான்கு இறாத்தலுக்குக் குறையாது. ஆயினும் எமது கைகளில் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் அந்த நாளைப்போல் மனநிறைவு தந்த நாள் எமது வாழ்வில் அதிகம் இல்லை. அது எங்ஙனம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஆறும் அதன் கரையும்

அமெரிக்கத் தலைநகராகிய வொஷிங்டனைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆற்றுக்குப் பொட்டோமக் என்று பெயர். அப்பலாச்சிய மலைகளிலே பிறந்து, ஏறத்தாழ 400 மைல் தூரம் ஓடி, செசப்பீக் என்னும் விரிகுடாவிலே கலக்கிறது அந்த ஆறு. தலைநகருக்கு வடமேற்கே அறுபது மைல் அளவில், ஷெனண்டோவா என்னும் மற்றோர் ஆறு வந்து அதனுடன் சேருகின்றது. இரண்டு ஆறுகளும் கூடும் முனையிலே ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்னும் சிற்றூர் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடிமை முறையை ஒழிப்பதற்காக ஜோன் பிரவுன் என்பவர் 1859ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அங்கிருந்த அரசாங்க ஆயுதசாலையைத் தாக்கினார். சரித்திரம் படித்தவர்களுக்கு அவ்வூரின் பெயர் அதனால் நினைவிலிருக்கும்.

அந்தச் சங்கமத்துக்குக் கீழே, பிரன்ஸ்விக் என்னும் புகையிரதப் பட்டினம் வரையுள்ள சில மைல் தூரந்தான் எமது கதை நிகழும் இடம். ஆறு அங்கே அகன்று, ஆழங்குறைந்து, பாறை வரம்புகளின் மேலே சலசலத்து ஓடுகின்றது. வயலுக்கு வரம்பு கட்டியதுபோல அப்பாறைகள் ஆற்றுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு வரம்புக்கும் கீழே ஒரு மடு. மடுவுக்குப் பின்னே ஓர் ஓட்டம். அதன்பின் மீண்டும் ஒரு வரம்பு.

கரையிலோ மூன்று பாதைகள் அருகருகே செல்கின்றன. ஒன்று ஆறு. அதனையடுத்துப் பழைய கால்வாய். அதற்கும் அப்பால் இருப்புப்பாதை. கால்வாயையும் இருப்புப்பாதையையும் அமைக்கும் வேலைகள் 1828ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி, ஒரே நாளில் தொடங்கப்பெற்றன. மேற்கு நாட்டை முதலில் அடைவது யார் என்று இரண்டுக்கும் போட்டி. இருப்புப்பாதையே வென்றது. 184 மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள கால்வாய் 1924ஆம் ஆண்டு வெள்ளத்தோடு கைவிடப்பட்டு, 1971ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாயிற்று. முற்காலத்திற் கோவேறு கழுதைகள் படகுகளை இழுத்துச் சென்ற கரைவழியே இப்பொழுது மக்கள் காலாற நடக்கின்றார்கள். இருப்புப்பாதையில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. அந்த வண்டிச் சத்தத்தை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அத்தான்

எமது தமக்கையாரும் அத்தானும் 1984ஆம் ஆண்டில் நாட்டைவிட்டுச் சென்றவர்கள். மேரிலாண்ட் மாநிலத்தில், பிரெடெரிக் என்னும் பட்டினத்திலே குடியிருக்கிறார்கள். அத்தான் கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்காலை அடுத்த காணியொன்றிலே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடப் பருவத்திலேயே மதகடியில் தூண்டில் போட்டு விரால் பிடிப்பதிற் பெயரெடுத்தவர். இப்பொழுது அவருக்கு வயது எழுபத்துமூன்று.

நாம் போய் இறங்கிய மறுநாட் காலையிலேயே, "தம்பி, ஆற்றுக்குப் போவோமா?" என்று கேட்டார். அப்பொழுது தேநீர் கொண்டுவந்த அக்காவின் முகம் ஒரு கணம் மாறியதை நாம் கண்டோம். காரணம் எமக்கு அன்று விளங்கவில்லை. "இன்றைக்குச் சந்தைப் பக்கம் போகவேண்டாம் அக்கா, மீன் வரும்" என்று நாம் பெருமையடித்துக்கொண்டோம். அக்கா பதில் சொல்லாமற் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருளும் மாலையிலேதான் விளங்கியது.

புறப்படுமுன் அத்தான் கைபேசியை எடுத்து ஏதோ ஓர் எண்ணைப் பார்த்தார். ஆற்றின் நீர்மட்டம் என்றார். பொயின்ற் ஒப் றொக்ஸ் என்னும் இடத்தில் 1895ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தார் நீர்மட்டத்தை அளந்து வருகிறார்கள். அந்த அளவு இப்பொழுது வீட்டிலிருந்தபடியே தெரிகிறது. "தண்ணீர் கூடின நாளில் இந்த ஆற்றில் இறங்குகிறவன் மீன்பிடிகாரன் அல்லன், மூடன்" என்பது அத்தானின் வாக்கு. எமக்கு ஓர் அனுமதிப் பத்திரமும், உயிர்காப்பு அங்கியும், அடியில் இறப்பர் பதித்த காலணியும் அவரே ஆயத்தம் செய்திருந்தார். பாறையில் வழுக்காத கம்பளி அடிக் காலணியை அந்த மாநிலம் 2011ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. ஈரக் கம்பளியில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆற்றின் பாசி மற்றோர் ஆற்றுக்குப் போய்விடும் என்பதே காரணம். ஒரு காலணியின் அடியைப் பற்றிக்கூட இவ்வளவு சிந்திக்கிறார்களே என்று வியந்தோம்.

சிறுவாயன் என்னும் வீரன்

நாம் தேடிச் சென்ற மீனை ஆங்கிலத்தில் 'ஸ்மோல்மௌத் பாஸ்' என்பர். சிறுவாயன் என்று நாம் அழைப்போம். பெயரைக் கேட்டு ஏமாறலாகாது. அதன் வாய் அப்படியொன்றும் சிறியதன்று. அதன் உறவுமீன் ஒன்றுக்கு மேல்தாடை கண்ணுக்கு அப்பாலும் நீண்டிருக்கும். இதற்கு அவ்வளவு நீளாது. அந்த வேறுபாட்டால் வந்த பெயர் இது. லாசெப்பேட் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1802ஆம் ஆண்டில் இதற்கு மைக்ரோப்டெரஸ் என்று சாத்திரப் பெயர் சூட்டினார். சிறு துடுப்பையுடையது என்பது அதன் பொருள். அவர் கைக்குக் கிடைத்த மீனின் துடுப்பு சேதமுற்றிருந்தது. அதை அவர் இயற்கையமைப்பென்று எண்ணிவிட்டார்! ஆக, வாயும் சிறிதல்லாத, துடுப்பும் சிறிதல்லாத இந்த மீன் இரண்டு பொய்ப் பெயர்களைச் சுமந்துகொண்டு வாழ்கிறது.

மேனி தேய்த்த வெண்கலப் பாத்திரத்தின் நிறம். விலாவிலே கருமையான நெடுங்கோடுகள். கண் சிவப்பு. முதுகுத் துடுப்பின் முன்பாதி முள். நம் களப்புகளிற் படும் கொடுவாவைக் கண்டவர்கள், இனம் வேறாயினும், சாயலை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். உருவிற் பெரியதன்று. 1955ஆம் ஆண்டில் டேல் ஹொலோ என்னும் நீர்த்தேக்கத்திற் பிடிபட்டதே உலகத்தில் இதுவரை பதிவான மிகப் பெரிய சிறுவாயன். அதன் நிறையே 11 இறாத்தல் 15 அவுன்ஸ்தான். ஆற்றிலே நான்கு இறாத்தல் மீன் ஒன்று கிடைத்தால் அது பலகாலம் பேசப்படும். ஆனால் தூண்டிலில் அகப்பட்டதும் அது காட்டும் வீரம் பெரிது. ஓடும், முக்குளிக்கும், வானத்தை நோக்கிப் பாய்ந்து தலையை உதறும். ஜேம்ஸ் ஹென்ஷல் என்னும் வைத்தியர் இந்த மீன் குடும்பத்தின் புகழைப் பாடவென்றே 1881ஆம் ஆண்டில் ஒரு தனிநூல் வெளியிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குணமும் அதற்குண்டு. இளவேனிலில் நீர் சற்றுச் சூடேறியதும் ஆண்மீன் வாலால் பரற்கற்களை விசிறித் துப்புரவாக்கிக் கூடு அமைக்கும். பெண்மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பின் காவல் முழுவதும் தந்தையுடையதே. முட்டை பொரித்துக் குஞ்சுகள் கலைந்துபோகும் வரை அது அவ்விடத்தை விட்டு அகலாது. நெருங்கும் எதனையும் தாக்கும். அத்தான் இதைச் சொன்னபோது எமக்கு நம் குளத்து விரால் நினைவுக்கு வந்தது. குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு திரியும் விராலை அடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்களல்லவா? இங்கும் இளவேனிற் பருவத்திலே பிடிக்கும் சிறுவாயனை உடனே நீரில் விட்டுவிட வேண்டுமென்பது சட்டம். ஊர் வேறு, நீதி ஒன்றே.

வண்டியேறி வந்த விருந்தாளி

கரையிலே நின்று தங்கூசியைக் கோலின் வளையங்களுக்கூடாகக் கோத்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

பொட்டோமக் ஆற்றிலே சிறுவாயன் ஆதியில் இருந்ததேயில்லை. அதன் தாயகம் மலைத்தொடருக்கு மேற்கே உள்ள பேரேரிகளும், ஒகாயோ ஆறும், மிசிசிப்பியின் மேற்பகுதியும் ஆகும். குறுக்கே நின்ற மலையை மீன் எவ்வாறு தாண்டும்? பால்ட்டிமோர் நகரிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1852ஆம் ஆண்டின் இறுதியில் மலைகளைக் கடந்து, ஒகாயோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங் என்னும் ஊரைச் சென்றடைந்தது. இரண்டாண்டு கழிந்து, 1854இல், வில்லியம் ஷ்ரைவர் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நீராவி எஞ்சினுக்குப் பின்னே அதற்கு வேண்டிய நீரைத் தாங்கிய வண்டியொன்று செல்லுமல்லவா? துளையிட்ட தகரப் பாத்திரத்தில் மீன்களை இட்டு, அந்த வண்டியின் நீர்த்தொட்டிக்குள் அமிழ்த்தி வைத்தால், ஓட்டத்திலே நீர் அலம்பி அலம்பி மீனுக்கு மூச்சு முட்டாதல்லவா?

அப்படியே செய்தார்கள். ஒகாயோப் பக்கத்து ஓடையொன்றிற் பிடித்த முப்பது அளவிலான மீன்கள் ஏறத்தாழ 200 மைல் பிரயாணஞ் செய்து, கம்பர்லாந்து என்னும் ஊரிலே இறக்கப்பட்டு, கால்வாயின் படகுத் தேக்கத்தில் விடப்பட்டன. அங்கிருந்து ஆற்றுக்குச் சென்றன. சில ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஹார்ப்பர்ஸ் ஃபெரியின் புகையிரதப் பாலம் மீண்டும் மீண்டும் தகர்க்கப்பட்டது. மேலே பீரங்கி முழங்கிக்கொண்டிருக்க, கீழே அந்த முப்பதின் சந்ததி பெருகிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டு செல்லுமுன் ஆறெங்கும் அவையே பேர்பெற்ற மீனாகிவிட்டன.

"யோசித்துப் பாரும் தம்பி," என்றார் அத்தான். "கொண்டுவந்து விட்ட மனிதன் எத்தனை மீனைத் தான் பிடித்துத் தின்றிருப்பான்? நூற்றெழுபது ஆண்டாக முன்பின் தெரியாத நாங்களெல்லோரும் பிடிக்கிறோம்."

வந்தேறிய மீன் எங்கும் நன்மையே செய்யும் என்று நாம் சொல்ல வரவில்லை. சிறுவாயன் புகுந்த வேறு சில ஆறுகளில் அது நாட்டு மீன்களின் குஞ்சுகளை விழுங்கிப் பெருந்தீங்கு செய்திருக்கிறது. யப்பான் அரசாங்கம் 2005ஆம் ஆண்டு முதல் அதனை வளர்ப்பதையும் ஆறுகளில் விடுவதையும் சட்டத்தால் தடுத்துள்ளது. நம் நாட்டிலும் ஆங்கிலேயர் நுவரெலியா ஓடைகளில் ட்றவுட் மீனை விட்டார்கள். பின்னர் 1950களின் தொடக்கத்திலே திலாப்பியா குளங்களுக்கு வந்தது. ஏழையின் கறிச்சட்டியைத் திலாப்பியா நிறைத்தது உண்மை. அதனால் நம் சொந்தக் குளத்து மீன்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பாரும் உண்டு. 1854இல் அத்தகைய கேள்வியை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் பொட்டோமக்கைப் பொறுத்தமட்டில், விருந்தாளி வீட்டுக்காரனாகிப் பலகாலமாயிற்று.

நீரிலே இறங்கினோம்

காலை பத்து மணியளவில் நாமிருவரும் ஆற்றிலே இறங்கினோம். நீர் முழங்காலளவு, சில இடங்களில் இடுப்பளவு. "காலைத் தூக்கி வைக்காதேயும், தேய்த்து வையும். நீரோட்டத்துக்கு முகங்கொடுத்து நில்லாதேயும், பக்கவாட்டாக நில்லும். கோலை ஊன்றிய பிறகே அடுத்த அடி" என்று அத்தான் குழந்தைக்கு நடைபழக்குவதுபோல் எம்மை நடத்திச் சென்றார். கரையோரத்தில் வெண்பட்டைச் சிக்கமோர் மரங்கள் நீரின்மேற் சாய்ந்திருந்தன. நீலச் சாம்பல் நிறமுள்ள பெருநாரையொன்று எம்மைவிடப் பொறுமையோடு மீன்பிடித்துக்கொண்டு நின்றது.

தூண்டிலிலே உண்மையான இரை இல்லை. விரல் நீளத்தில், குழாய்போன்ற, மென்மையான பொய்யிரை. அதன் முனையிலே குஞ்சம்போல இழைகள். நன்னீரில் வாழும் சிறிய சிங்கிறாலைப்போல அது தோன்றவேண்டும் என்பது கருத்து. சிறுவாயனுக்கு அதைப்போற் பிரியமான உணவு வேறில்லை. கொளுக்கியின் எதிர்முள்ளை அத்தான் குறட்டால் நசுக்கிவிட்டிருந்தார். கழற்றும்போது மீனின் வாய் கிழியாதிருப்பதற்காம்.

பாறை வரம்பின் மேற்பக்கமாக எறிந்து, நீரோட்டம் தானாகவே இரையை வரம்புக்கு மேலால் உருட்டிக் கீழுள்ள மடுவிலே போடும்படி விடவேண்டும். அங்கே, ஓட்டமும் அமைதியும் சந்திக்கும் கோட்டிலே, சிறுவாயன் பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறான். வருவது அவனைத் தேடி வரும். இதைச் சொல்வது எளிது. முதல் ஒருமணி நேரம் நாம் பிடித்ததெல்லாம் பாறையும் நீர்ப்பூண்டுமே. அத்தானோ பேசிக்கொண்டே மூன்றைப் பிடித்து, மூன்றையும் நீரிலிருந்து அதிகம் உயர்த்தாமலே கழற்றிவிட்டார். பிறகு எமக்கும் கைவந்தது. தங்கூசியிலே 'டொக், டொக்' என்று ஒரு தட்டு, கோலை உயர்த்தினோம், பத்தங்குல வெண்கலத் துண்டொன்று நீரைப் பிளந்துகொண்டு வெயிலிலே துள்ளியது! ஐம்பது வருடம் எம்மைவிட்டு உதிர்ந்துபோயிற்று.

பகல் இரண்டு மணியளவில் அத்தான் திடீரென்று பேச்சை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தோம். ஊன்றுகோலிலே இரண்டு கைகளையும் வைத்துத் தலைகுனிந்து நின்றார். மூச்சு இரைத்தது. விரைந்து சென்று பிடித்து, நடு ஆற்றிலே துருத்திக்கொண்டிருந்த தட்டையான பாறையொன்றில் இருத்தினோம். சற்று நேரத்தில் மூச்சு சீராயிற்று. அப்பொழுதுதான் சொன்னார்: சென்ற மாசியிலே இருதயத்திற் சத்திரசிகிச்சை நடந்ததாம். ஊரிலுள்ளவர்கள் கவலைப்படுவார்கள் என்று எமக்கு அறிவிக்கவில்லையாம். தனியே ஆற்றில் இறங்கலாகாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் தூர இடங்களில். அவர்களுக்கு மீன்பிடியில் நாட்டமுமில்லை.

"ஒரு துணை கிடைக்கும்வரை காத்திருந்தேன், தம்பி. இந்த ஆற்றை யாருக்காவது ஒருமுறை காட்டவேண்டும் என்று இருந்தது. இனி நான் கரையிலேதான்."

அக்காவின் முகம் காலையில் ஏன் மாறியது என்பது அக்கணமே எமக்கு விளங்கிற்று. உடனே வீடு திரும்புவோம் என்றோம். அவர் கேட்கவில்லை. "நான் இங்கே இருக்கிறேன். அந்தக் கடைசி வரம்பை மட்டும் பார்த்துவிட்டு வாரும்" என்றார்.

கொப்பியிலுள்ள கணக்கு

நாம் அசையாமல் நிற்பதைக் கண்டு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, சட்டைப் பையிலிருந்து பிளாத்திக்கு உறையிலிட்ட சிறு கொப்பியொன்றை எடுத்தார். 1987ஆம் ஆண்டு முதல் ஆற்றிலே கழித்த ஒவ்வொரு நாளையும் தமிழிலே குறித்து வைத்திருக்கிறார். இது ஐந்தாவது கொப்பி; பழையவற்றின் சாரத்தை முன்பக்கங்களிற் சுருக்கி எழுதியிருந்தார். திகதி, நீர்மட்டம், மீன் எத்தனை, பெரியது எவ்வளவு. ஓரிடத்தில் எழுத்து வேறுவிதமாயிருந்தது. "2005 சித்திரை. ஷெனண்டோவா. செத்த மீன்கள் மிதக்கின்றன. உடம்பிலே புண். தூண்டில் போடாமற் திரும்பினேன்."

அது அவர் ஒருவர் கண்ட காட்சியன்று. 2002ஆம் ஆண்டில் பொட்டோமக்கின் தென்கிளையிலும், 2004, 2005ஆம் ஆண்டுகளில் ஷெனண்டோவாவிலும் சிறுவாயன்கள் பெருந்தொகையாக மடிந்தன. காரணம் தேடிய விஞ்ஞானிகள் 2003ஆம் ஆண்டில் தென்கிளை மீன்களை அறுத்துச் சோதித்தபோது, ஆண்மீன்களின் உடலுக்குள்ளே முதிராத முட்டைகளைக் கண்டு திகைத்தார்கள். வயல்களிலிருந்தும், பண்ணைகளிலிருந்தும், வீட்டுக் கழிவுநீரிலிருந்தும் ஆற்றுக்கு வரும் இரசாயனங்களுள் சில, உயிரினங்களின் சுரப்புநீர்களைப் போல நடித்து உடலை ஏமாற்றுகின்றன. அவையே இதற்குக் காரணமாகலாமென்று சந்தேகிக்கிறார்கள். மீன்கள் மடிந்ததற்கோ இதுதான் குற்றவாளி என்று ஒன்றைமட்டும் சுட்டிக்காட்ட முடியவில்லை. நோய்க்கிருமி, வெப்பம், அழுக்கு எல்லாம் சேர்ந்தே மீனை வீழ்த்தியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. கூட்டைக் காத்து நிற்கும் அந்தத் தந்தைமீனால் நாரையை விரட்ட முடியும். நீரிலே கரைந்து வருவதை எப்படி விரட்டும்?

"அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தன," என்று சொல்லிக் கொப்பியை மூடினார் அத்தான். "அன்றிலிருந்து நான் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை."

கடைசி வரம்பு

அவர் கண்பார்வையிலேயே இருக்கும்படி, இருபது யார் தூரத்திலிருந்த அந்த வரம்புக்குச் சென்றோம். முதல் எறியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இரை மடுவுக்குள் விழுந்து நின்றுவிட்டது. மறுபடியும் பாறைதான் என்று எண்ணிக் கோலை இழுத்தோம். பாறை நகர்ந்தது!

அடுத்த ஐந்து நிமிடத்தை ஒழுங்காக விவரிக்க எம்மால் இயலாது. றீல் கிரீச்சிட்டது. தங்கூசி நீரைக் கிழித்துக்கொண்டு வேர்ஜீனியாக் கரையை நோக்கிச் சென்றது. பிறகு மீன் எழுந்தது: ஒருமுறை, இருமுறை. அத்தான் பாறையின்மேல் எழுந்து நின்று, இருதயத்தையும் வைத்தியரையும் மறந்து, "தளர விடும்! கோலைத் தாழ்த்தும்! இப்போது பிடியும்!" என்று கிளிநொச்சிக் குரலிலே கூவினார். ஒருவாறாகக் கால்மாட்டுக்கு வந்தது. கீழுதட்டைப் பெருவிரலாற் பற்றித் தூக்கினோம். கோலில் அவர் கீறி வைத்திருந்த அளவுக் கோட்டில் 20 அங்குலம். அவ்வளவு வளர்வதற்குப் பத்தாண்டு அளவு சென்றிருக்கும் என்றார்.

உள்ளதைச் சொல்கிறோம்: அதை விட எமக்கு மனம் வரவில்லை. அந்தப் பருவத்தில் குறித்த அளவுக்கு மேற்பட்ட மீனைக் கொண்டுசெல்லச் சட்டம் இடங்கொடுக்கிறது என்று அத்தானே காலையிற் சொல்லியிருந்தார். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு வேறு. பெருமை வேறு. மீனைக் கையிலேந்தியபடி அவரைப் பார்த்தோம்.

"நீர் பிடித்த மீன். நீரே முடிவு செய்யும்," என்றார் அவர்.

அந்த நேரத்தில், மரங்களுக்குப் பின்னாலிருந்து ஊதல் ஒலி கேட்டது. நிலக்கரி ஏற்றிய நீண்ட வண்டியொன்று கரையோரமாகக் கடகடவென்று செல்லத் தொடங்கியது. முப்பது மீன்கள் ஏறிவந்தது இந்தப் பாதையின் வழியேதான். அவற்றை இறக்கி நீரில் விட்டவரின் கையும் இவ்வாறே நனைந்திருக்கும். அவர் யாருக்காக விட்டார்? எம்மைப் போன்ற, தாம் காணப்போகாத ஒருவருக்காக. அங்கே பாறையின் மேலே நிற்கும் முதியவர் எத்தனை ஆண்டுகளாக, தமக்குப்பின் வரப்போகும் யாருக்காகவோ விட்டுக்கொண்டிருக்கிறார்! இடையிலே எமது சட்டி எதற்கு?

மீனை நீரிலே நேராகப் பிடித்துக்கொண்டோம். செவுள் மூடித் திறந்தது. ஒருகணம் எமது கையிலே சாய்ந்திருந்தது. பின்னர் வாலை ஒருமுறை அசைத்து, தன் வரம்புக்குக் கீழே சென்று மறைந்தது. கடைசி வண்டியும் கடந்து போயிற்று. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. எமது தோளைப் பற்றிக்கொண்டு நடந்தார். கரை சேரும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

"எங்கே மீன்?"

வீட்டு வாசலிலே அக்கா நின்றார். முதலில் அத்தானைத்தான் மேலும் கீழும் பார்த்தார். பிறகு எமது வெறுங்கையைப் பார்த்து, "எங்கே மீன்?" என்றார். நாம் விழித்தோம். உள்ளே சென்று பார்த்தால், மேசையிலே கத்தரிக்காய்க் குழம்பும், பருப்பும், முருங்கையிலைச் சுண்டலும் ஆவி பறக்கக் காத்திருந்தன. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த ஆற்றுக்குப் போய்வரும் மனிதரோடு வாழ்பவருக்கு இன்னது நடக்குமென்று தெரியாதா?

சாப்பாட்டுக்குப்பின் அத்தான் கொப்பியை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக எழுதி எம்மிடம் நீட்டினார். "பதினொன்று. பெரியது தம்பி பிடித்தது. 20 அங்குலம். விட்டார்." கீழே பக்கம் வெறுமையாயிருந்தது. அதைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த முறை வரும்போது நீர் இறங்கும், நான் கரையிலிருந்து எழுதுகிறேன்," என்றார்.

நாம் ஊர் திரும்பிய பின்னர் இரணைமடு வாய்க்காலடிக்கு ஒருநாள் சென்றோம். மதகின் மேலே இரண்டு சிறுவர்கள் தூண்டிலோடு குந்தியிருந்தார்கள். வாளிக்குள் எட்டிப் பார்த்தோம். விரற்கடையளவு விராற் குஞ்சொன்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவர்களுக்குப் புத்தி சொல்ல நாம் யார்? பக்கத்திலே உட்கார்ந்து, முப்பது மீன்கள் புகையிரதமேறிய கதையைச் சொன்னோம். கதை முடிந்ததும் இளையவன் மூத்தவனைப் பார்த்தான். மூத்தவன் வாளியைப் பார்த்தான். பிறகு அவன் எழுந்து, வாளியை வாய்க்காலிலே கவிழ்த்தான்.

இச்செய்தியை அத்தானுக்கு எழுதியிருக்கிறோம். கொப்பியிற் குறித்துவைப்பார் என்று நம்புகிறோம்.